கேமராவுக்கு மெமரி கார்டு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வேலைக்குக் கேமரா தூக்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் தம்பிகள், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், பறவை பார்க்கப் போகும் நண்பர்கள் என்று எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது மெமரி கார்டில்தான். கேமராவையும் லென்ஸையும் மாதக்கணக்கில் விசாரித்து வாங்குகிறவர்கள், கார்டு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எடுத்த படம் முதலில் போய்த் தங்குகிற இடம் அதுதான். அதனால் என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. "அண்ணே, இப்பதான் கேமரா வாங்கினேன். எந்த கார்டுன்னு மட்டும் சொல்லுங்க, விளக்கம் எல்லாம் வேணாம்."

சரி. உங்கள் கேமரா எஸ்டி கார்டு போடுகிற வகை என்றால், பெயர் தெரிந்த நிறுவனத்தின், மேலே வி30 என்று முத்திரை போட்ட கார்டு, 64 ஜிபியில் இரண்டு வாங்குங்கள். சான்டிஸ்க், லெக்ஸார், சோனி, கிங்ஸ்டன் எதுவானாலும் பரவாயில்லை. ஒன்று கேமராவில் இருக்கட்டும், இன்னொன்று பையில். புகைப்படத்துக்கும் சாதாரணத் தரத்தில் 4கே வீடியோவுக்கும் இது போதும்.

பணம் கையைக் கடிக்கிறது என்றால் 32 ஜிபியில் இரண்டு வாங்குங்கள். ஒரே கார்டோடு மட்டும் வேலைக்குப் போகாதீர்கள்.

2. "கார்டு மேல இத்தனை எழுத்து, எண், வட்டம் எல்லாம் இருக்கே. எதைத்தான் பார்க்கறது?"

ஜிபியில் போட்டிருப்பது கொள்ளளவு. அதன் பக்கத்தில் எஸ்டிஹெச்சி அல்லது எஸ்டிஎக்ஸ்சி என்று குடும்பப் பெயர் இருக்கும். 32 ஜிபி வரை முதலாவது, அதற்கு மேல் 2 டிபி வரை இரண்டாவது. அப்புறம் ரோமன் எழுத்தில் ஒரு கோடோ இரண்டு கோடோ இருக்கும். அது கார்டு கேமராவோடு பேசும் பாதையின் அகலம். ஒரு கோடு யூஎச்எஸ்-1, இரண்டு கோடு யூஎச்எஸ்-2.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதற்கு அடுத்த முத்திரை. சி வடிவ வட்டத்துக்குள் 10, யு எழுத்துக்குள் 1 அல்லது 3, வி எழுத்தோடு 30, 60, 90 என்று இருக்கும். தொடர்ந்து எழுதும்போது வேகம் இதற்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதி அது. சி10, யு1 என்றால் நொடிக்கு 10 எம்பி. யு3, வி30 என்றால் 30 எம்பி. வி60, வி90 அந்தந்த எண்ணே.

எல்லாவற்றையும் விடப் பெரிதாக அச்சடித்திருக்கும் 170, 200, 300 போன்ற எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். அது எதைக் குறிக்கிறது என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

3. "கார்டுல 200 எம்பி ஸ்பீடுன்னு போட்டிருக்கு. ஆனா கேமராவுல சிவப்பு லைட் அணையவே மாட்டேங்குதே?"

அந்த 200 என்பது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் போகும் வேகம். அதாவது படிக்கும் வேகம், அதிலும் உச்சபட்சம். கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம். கார்டில் எழுதி முடிக்கும்வரைதான் அந்தச் சிவப்பு லைட் எரிகிறது. எழுதும் வேகம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். சில நிறுவனங்கள் கார்டு வரும் அட்டை உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அதையும் போடுகின்றன. கடையில் நிற்கும்போதே திருப்பிப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. யூஎச்எஸ்-1 பாதையின் வரம்பே நொடிக்கு 104 எம்பிதான். ஒற்றைக் கோடு போட்ட கார்டில் 170, 200 என்று வருவது, நிறுவனம் தன் சொந்த முறையில் கூட்டிய வேகம். அதற்கேற்ற கார்டு ரீடர் இருந்தால்தான் அது கிடைக்கும். கேமராவுக்குள் அதே கார்டு 104-ஐத் தாண்டாது. நடைமுறையில் எழுதும் வேகம் 70, 80 வந்தாலே நல்ல கார்டு.

அதற்காக அந்தக் கார்டு மோசம் என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூவாயிரம் படத்தைக் காப்பி பண்ண உட்காரும்போது படிக்கும் வேகத்தின் அருமை தெரியும். எது எங்கே உதவும் என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

4. "காசு போனாலும் பரவாயில்ல, யூஎச்எஸ்-2 கார்டு போட்டா என் கேமரா வேகமாகுமா?"

கேமராவின் ஸ்லாட் அதற்கு இடம் கொடுத்தால் மட்டுமே. யூஎச்எஸ்-2 கார்டைத் திருப்பினால் தங்க நிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் ஊசிகள் கேமராவுக்குள்ளும் இருந்தால் நொடிக்கு 312 எம்பி வரை பாதை திறக்கும். இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யும், ஆனால் யூஎச்எஸ்-1 வேகத்தில்தான்.

நம் ஊரில் நிறையப் பேர் கையில் இருக்கும் கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி5600, சோனி ஏ6400 ஆகியவற்றில் யூஎச்எஸ்-2 கிடையாது. கேனான் ஆர்8, சோனி ஏ6700 போன்றவற்றில் உண்டு. சோனி ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் முதல் ஸ்லாட் மட்டும்தான் யூஎச்எஸ்-2, இரண்டாவது யூஎச்எஸ்-1. விலை கூடின கார்டை இரண்டாவதில் போட்டுவிட்டு வேகம் வரவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. உங்கள் கேமராவின் கையேட்டில் இந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

5. "கூந்தன்குளத்துல வாத்துக் கூட்டம் கிளம்பறப்ப பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். அஞ்சு செகண்டுல கேமரா நின்னு போச்சு. கார்டு மாத்தினா சரியாகுமா?"

இது ரொம்ப நல்ல கேள்வி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா எடுத்த படத்தை நேராகக் கார்டில் எழுதுவதில்லை. முதலில் தனக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து கார்டுக்கு இறக்குகிறது. மேல்நிலைத் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது, கீழே குழாய் திறந்திருக்கிறது. குழாய் சிறிதாக இருந்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் படக் கோப்பு) ஏறக்குறைய 28 எம்பி என்று வைப்போம். நொடிக்கு 10 படம் என்றால் 280 எம்பி உள்ளே வருகிறது. பஃபர் 40 படம் தாங்கும், அதாவது 1,120 எம்பி. கார்டு நொடிக்கு 80 எம்பி எழுதினால், 200 எம்பி மிச்சம் தேங்குகிறது. ஐந்தரை நொடியில் தொட்டி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு நொடிக்கு மூன்று படம்கூட வராது. கையை எடுத்தாலும் முழுதாகக் காலியாக 14 நொடி ஆகும். வாத்து அதற்குள் அடுத்த குளத்துக்குப் போயிருக்கும். அதே இடத்தில் 250 எம்பி எழுதும் யூஎச்எஸ்-2 கார்டு இருந்தால் தேங்குவது 30 எம்பிதான். அரை நிமிடத்துக்கு மேல் நிற்காமல் எடுக்கலாம், காலியாகவும் ஐந்து நொடிக்குள்தான் ஆகும்.

ஆனால் 4-ல் சொன்னதுபோல ஸ்லாட் யூஎச்எஸ்-1 என்றால் கார்டு மாற்றிப் பயனில்லை. அப்போது செய்யக்கூடியது: ரா கூடவே ஜேபெக் எழுதும் அமைப்பை நிறுத்துங்கள், கேமராவில் இருந்தால் சுருக்கிய ராவுக்கு மாறுங்கள், பட்டனை விடாமல் பிடிக்காமல் இரண்டு இரண்டு நொடியாக அமுக்குங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது நான் இப்படித்தான் எடுக்கிறேன். தாலி முடிச்சு விழும் நொடியில் பஃபர் காலியாக இருக்க வேண்டும்.

6. "4கே வீடியோவுக்கு வி90 கார்டுதான் வேணும்னு கடையில சொல்றாங்க. உண்மையா?"

பெரும்பாலும் தேவையில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கேமராவில் வீடியோவின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டில் மெகாபைட்டில் போடுவார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். கேமரா மெனுவில் 100 மெகாபிட் என்று இருந்தால் எட்டால் வகுங்கள்: நொடிக்கு 12.5 எம்பி. வி30 கார்டு அதை நிம்மதியாக எழுதும். 200 மெகாபிட் என்றால் 25 எம்பி. அதுவும் வி30-க்குள்தான்.

400 மெகாபிட் போனால் 50 எம்பி, அங்கே வி60 வேண்டும். சோனி ஏ7எஸ் மார்க் 3 போன்றவற்றில் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சுருக்கும் முறையில் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே எடுத்தால் 600 மெகாபிட், அதாவது 75 எம்பி. அதற்குத்தான் வி90. உங்கள் மெனுவில் இருக்கும் எண்ணை எட்டால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரருக்குப் பதில் சொல்லுங்கள்.

7. "64-ஆ 128-ஆ 256-ஆ? ஒரே பெரிய கார்டா வாங்கிட்டா மாத்தற தொல்லையே இல்லையே?"

முதலில் எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்போம். மேலே வைத்த 28 எம்பி கணக்குப்படி 64 ஜிபியில் சுமார் 2,200 ரா படம், 128-ல் சுமார் 4,500. வீடியோ 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆகவே 64 ஜிபி ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

புகைப்படம் எடுப்பவருக்கு என் அபிப்பிராயம்: நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு மாற்றுங்கள். கார்டு தொலையலாம், கெட்டுப்போகலாம், தண்ணீரில் விழலாம். அப்படி நடந்தால் ஒரு பகுதி போகும், முழுக் கல்யாணமும் போகாது. வீடியோ எடுப்பவர் நிலைமை வேறு. முகூர்த்தத்தின் நடுவில் ஸ்லாட்டைத் திறந்து கார்டு மாற்ற முடியாது. அவருக்கு 128, 256 நியாயமான தேர்வு.

கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் ஒரு பழக்கம்: காலிக் கார்டை பெட்டியில் பெயர் தெரிகிற மாதிரியும், நிரம்பியதைக் கவிழ்த்தும் வையுங்கள். அவசரத்தில் நிரம்பியதை எடுத்து ஃபார்மேட் அடிக்கும் விபத்து இதனால் குறையும். கார்டில் எண் போட ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஸ்லாட்டுக்குள் உரிந்து மாட்டிக்கொள்ளும். மார்க்கர் பேனா போதும்.

8. "128 ஜிபின்னு வாங்கினேன், கம்ப்யூட்டர்ல 119-தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஜிபி கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. 64 ஜிபி 59.6 ஆகவும், 128 ஜிபி 119.2 ஆகவும் தெரியும். அதே கார்டு 30 ஜிபியில் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

9. "ஆன்லைன்ல 1 டிபி கார்டு 600 ரூபாய்க்கு வருது. வாங்கலாமா சார்?"

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். போலிக் கார்டில் உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி சில்லு. அதைக் கட்டுப்படுத்தும் சின்ன நிரலை மாற்றி, யார் கேட்டாலும் "நான் 1 டிபி" என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் படங்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமல் போகும். கேமரா ஒரு எச்சரிக்கையும் தராது.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் எனக்கே இது நடந்தது. ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கிய கார்டு. முதல் இரண்டு சின்ன விழாக்களில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதாக ஒரு வளைகாப்பு. அன்று நிறைய எடுத்தேன். வீட்டில் வந்து திறந்தால் பாதிக்கு மேல் சாம்பல் நிறக் கோடுகள். அந்தப் பெண்ணின் பாட்டி கன்னத்தில் சந்தனம் பூசிய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படத்தைக் கொடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும், எங்கே வாங்கினாலும், சோதிக்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச நிரல்கள் இருக்கின்றன. அவை கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் அட்டையிலும் போலி வரும் என்பதால், பில் கொடுக்கும் கடை, நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் என்று பார்த்து வாங்குங்கள்.

10. "அப்பாவோட பழைய டிஜிட்டல் கேமராவுல 64 ஜிபி போட்டா கார்டையே கண்டுக்க மாட்டேங்குது."

எஸ்டிஎக்ஸ்சி என்ற குடும்பம் 2009-ல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கேமராவுக்கு அது தெரியாது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த எஸ்டிஹெச்சி கார்டு போடுங்கள். 2006-க்கும் முந்தையது என்றால் எஸ்டிஹெச்சியும் தெரியாது, 2 ஜிபி சாதா எஸ்டி கார்டு தேட வேண்டும்.

இதே சிக்கல் பழைய கார்டு ரீடரிலும் வரும். அங்கே ஆபத்து அதிகம். படம் நிறைந்த கார்டைப் போட்டதும் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். அவசரத்தில் சரி கொடுத்துவிடாதீர்கள். கார்டைக் கழற்றி வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

11. "போன்ல இருந்த மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல சொருகி கேமராவுக்கு வெச்சுக்கலாமா? ஏ2-ன்னு போட்டிருக்கு, நல்லதுதானே?"

அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வேலை செய்யும். தினசரி வேலைக்கு வேண்டாம். கார்டுக்கும் அடாப்டருக்கும் நடுவே இன்னொரு இணைப்பு வருகிறது, ஆட்டம் கண்டால் எழுதுவது பாதியில் அறுந்துபோகும். ஏ1, ஏ2 முத்திரைகள் போனில் செயலிகள் ஓடுவதற்கான வேகத்தைச் சொல்பவை. கேமராவுக்கு அவற்றால் ஒன்றும் கூடாது.

12. "படத்தைக் கம்ப்யூட்டர்ல வெச்சே அழிச்சிடறேன். கேமராவுல ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணுமா?"

கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒவ்வொரு கேமராவும் தனக்கு வேண்டிய கோப்புறைகளைத் தன் வழியில் அமைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்தால் மறைந்த கோப்புகள் மிச்சம் நின்று இடத்தை அடைக்கும். ஒரு கேமராவில் எடுத்த கார்டை அப்படியே இன்னொன்றில் போட்டு எடுப்பதும் நல்லதல்ல.

எப்போது ஃபார்மேட் செய்வது என்பதுதான் முக்கியம். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகி, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான். அதுவரை அந்தக் கார்டு பெட்டியில் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

13. "என் கேமராவுல ரெண்டு ஸ்லாட் இருக்கு. ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்குப் போற மாதிரி வெச்சிருக்கேன். சரிதானே?"

சொந்தப் பயணத்துக்கு என்றால் சரி. இன்னொருவர் வீட்டு விசேஷம் என்றால் இரண்டிலும் ஒரே படம் எழுதும் அமைப்புக்கு மாற்றுங்கள். ஒரு கார்டு செத்தாலும் மற்றது இருக்கும். இதில் ஒரு விலை உண்டு: இரண்டில் மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் கேமரா இறங்கும். 5-ல் சொன்ன தொட்டிக்கு இப்போது அந்தச் சின்னக் குழாய்தான் கணக்கு. எனவே இரண்டும் ஒரே தரத்தில் இருக்கட்டும். முடியாவிட்டால் ஒன்றில் ரா, மற்றதில் ஜேபெக் என்று பிரிக்கலாம்.

14. "சிஎஃப்எக்ஸ்பிரஸ்னு சொல்றாங்களே, அது எஸ்டி ஸ்லாட்டுல போகுமா?"

போகாது. உருவமே வேறு. கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி பேசும் அதே வகைப் பாதையில் பேசும் கார்டு அது. ஏ வகை சிறியது, சோனி கேமராக்களில் வருகிறது. அந்த ஸ்லாட்டுகள் பலவற்றில் எஸ்டி கார்டும் போகும்படி சோனி அமைத்திருக்கிறது. பி வகை கொஞ்சம் பெரியது. நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 போன்றவற்றில் ஒரு ஸ்லாட் பி, இன்னொன்று எஸ்டி. 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏ வகையின் உச்சம் நொடிக்கு 1,000 எம்பி, பி வகையின் உச்சம் 2,000 எம்பி.

இங்கேயும் 3-ல் சொன்ன எச்சரிக்கை பொருந்தும். அட்டையில் இருப்பது உச்சம்தான். மலிவான கார்டு சூடானதும் அல்லது அதன் வேகமான பகுதி நிரம்பியதும் சட்டென்று இறங்கும். விபிஜி200, விபிஜி400 என்ற முத்திரை இருந்தால் நொடிக்கு அத்தனை எம்பி எழுதுவதற்கு உறுதி உண்டு. 8கே வீடியோ, நொடிக்கு இருபது படம் என்று எடுப்பவர்களுக்கு இது தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு லென்ஸ் பார்க்கலாம்.

15. "அண்ணா, தப்பா ஃபார்மேட் அடிச்சுட்டேன். முகூர்த்தம் முழுக்க அதுலதான் இருந்துச்சு. போச்சா?"

முதலில் கேமராவை நிறுத்திக் கார்டை வெளியே எடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது, பக்கங்கள் உள்ளேயே இருக்கும். புதிதாக எழுத எழுதத்தான் அவை அழியும்.

ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் கார்டை முழுக்கத் தேடி, படக் கோப்புகளின் தொடக்க அடையாளத்தை வைத்து மீட்டுத் தரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். பெயர்களும் வரிசையும் போயிருக்கும், படம் இருக்கும். வீடியோ துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் மீட்பது கடினம். கேனானில் இருக்கும், பக்கங்களையும் சேர்த்து அழிக்கும் லோ லெவல் ஃபார்மேட் கொடுத்திருந்தால் நம்பிக்கை குறைவு. கம்ப்யூட்டரே கார்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் நீங்களாக எதையும் முயலாமல், தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

16. "கார்டு ஓரத்துல இருக்கற லாக் உடைஞ்சு விழுந்துடுச்சு. இப்ப எழுதவே மாட்டேங்குது."

அந்தத் தாழ்ப்பாள் வெறும் பிளாஸ்டிக். கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை, அது எங்கே நிற்கிறது என்பதைக் கேமராதான் தடவிப் பார்த்துக்கொள்கிறது. அது விழுந்துவிட்டால் பூட்டியதாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் படங்களைக் காப்பி பண்ண இது தடையில்லை. அந்த இடத்தில் டேப் ஒட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். காப்பி எடுத்துவிட்டு அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

17. "ஏர்போர்ட் எக்ஸ்ரேல படம் அழிஞ்சிடுமா?"

அழியாது. அந்தப் பயம் ஃபிலிம் ரோல் காலத்தில் நியாயமானது.

18. "ஒரு கார்டு எத்தனை வருஷம் வரும்? பழைய கல்யாணம் எல்லாம் கார்டுலயே வெச்சிருக்கேன்."

கார்டின் செல்களுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வாரம் ஒரு விசேஷம் எடுப்பவர் அதைத் தொடுவது அபூர்வம். அதற்கு முன்பே பிளாஸ்டிக் ஓடு பிளக்கும், தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கம்பிபோன்ற பிளாஸ்டிக் ஒடியும். ஒருமுறை கார்டு எரர் வந்தாலோ, ஒரு படம் பாதியில் சாம்பலாக வந்தாலோ, அந்தக் கார்டை நான் மறுபடி வேலைக்கு எடுப்பதில்லை.

கார்டிலேயே வைத்திருப்பது மட்டும் தப்பு. செல்களில் படம் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. வருடக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். இன்றைக்கே எடுத்து, 12-ல் சொன்னபடி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி பண்ணுங்கள். அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.